மூன்றாம் முறை திறந்த வயிறு

எழுபதுகளின் நடுப்பகுதியில், நான் புலம்பெயர்ந்து வந்த கிரான்பர்ன் பக்கம் வீடுகளை விட மாடுகள்தான் அதிகம். அங்கே மாடுகளுக்குக் கரு மாற்றும் நிலையம் ஒன்றில் மயக்க ஊசி போடுகிற வேலை எனக்கு. இலங்கையில் நான் முழு மிருக வைத்தியன். இங்கே அந்தப் பட்டம் செல்லுபடியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு முதலாளியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். தருகிறேன், தருகிறேன் என்று ஒன்றரை வருடம் இழுத்தடித்தான்.

அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொழில் இதுதான்: இறைச்சிக்கு வளர்க்கும் உயர்ந்த இனப் பசுவுக்கு ஊசி போட்டு ஒரே தடவையில் பல முட்டைகளை விளைய வைப்பது, நல்ல காளையின் விந்தைச் செலுத்துவது, ஒரு வாரத்தில் வயிற்றைக் கீறிக் கருக்களைக் கழுவி எடுத்து வேறு சாதாரணப் பசுக்களுக்குள் வைப்பது. வருடத்துக்கு ஒரு கன்று ஈனுகிற பசு பத்துக் கன்றுக்குத் தாயாகும் என்பான் முதலாளி.

தனியாகப் பண்ணை நடத்திய ஒரு விதவை அதை நம்பினாள். அவளிடம் இருந்த உயர்ந்த இனப் பசு ஒன்றே ஒன்று. அதை வைத்தே ஒரு மந்தையை உண்டாக்க நினைத்தாள். முதல் முறை இரண்டு கன்று கிடைத்தது, இரண்டாம் முறை ஒன்று. அந்தச் செலவுக்குச் சந்தையில் ஏழெட்டு நல்ல இளம் நாகுப் பசுக்கள் வாங்கியிருக்கலாம்.

இரண்டாம் முறை திறந்தபோதே பார்த்தேன். பழைய காயத்தின் தழும்பு கருப்பையைக் குடலோடு ஒட்ட வைத்திருந்தது. இன்னொரு முறை கீறினால் பசு மலடாகிவிடும் என்று முதலாளியிடம் சொன்னேன். "உன் வேலை மயக்க ஊசி" என்றான். அவளிடம் தழும்பைப் பற்றி மூச்சே விடவில்லை. அடுத்த முறை மருந்தைக் கூட்டுகிறோம் என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொதித்தேன். "அந்த மனுசியிட்டை நேரே சொல்லப்போறன்."

"இஞ்சேருங்கோ, முதல்ல கடிதம் கையில வரட்டும். பிறகு என்னவும் கதையுங்கோ" என்றாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

மூன்றாம் முறை ஒரு கருவும் கிடைக்கவில்லை. ஒட்டியதைப் பிரிக்கப் போய் முதலாளி கருப்பையைக் கிழித்தான். அவனுடைய விளம்பரங்களில், வைத்த கருக்களில் எத்தனை சினையாயின என்றுதான் போடுவான். கரு தராத பசு அதில் சேராது. அயோக்கியன்! நாசமாக்கிய பசு அவன் கணக்கில் தோல்வியே இல்லை.

கடிதம் கைக்கு வந்த அதே வாரம்தான், தையல் ஆறிய பசுவைக் கொண்டுபோக அவள் லொறியோடு வந்தாள். இனிச் சும்மா காளையோடு விட்டால் சினைப்படுமா என்று என்னிடம் கேட்டாள். படாது என்றேன். தழும்பைப் பற்றியும் சொன்னேன். கடிதம்தான் கையில் இருந்ததே, தைரியத்துக்கு என்ன குறை.

"உனக்கு எப்போது தெரியும்?"

"இரண்டாம் முறையே தெரியும்."

அவள் சத்தம் போடவில்லை. "மூன்றாம் முறை என் பசுவை மயக்கியது யார்?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். பசுவை லொறியில் ஏற்ற உதவலாம் என்று கயிற்றைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.