மஞ்சள் மூடித் தொட்டியில் போடச் சொன்ன கொப்பி

மெல்பேணுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று, கடதாசிக்கும் போத்தலுக்கும் என்று மஞ்சள் மூடியோடு தனியாக ஒரு குப்பைத்தொட்டி இருப்பது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, நகரத்தின் ஓரத்தில் வெரிபீயில், எங்கள் தெருவுக்கு லொறி வரும். இரும்புக் கையால் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டுப் போகும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்களோ கடதாசிக்குப் பயந்த சனம். வன்னியில் போரின் கடைசி மாதங்களில், ஒரு படமோ கடிதமோ ஆமியின் கையில் அகப்பட்டால் ஆபத்தென்று, எல்லாவற்றையும் பங்கர்க் குழிக்குள் புதைத்துவிட்டு நடந்தோம். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்தத் தொட்டியில் போடும்படிதான் சேகர் அண்ணை ஒரு பையைத் தந்தார். "வாசியாத. அப்படியே போடு" என்றார். அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. இயக்கத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். தோற்று, சரணடைந்து, தடுப்புமுகாமில் இருந்து, பிறகு படகேறி வந்தவர். இங்கே கோழி இறைச்சி பொதி செய்கிறார். தெருப் பிள்ளைகளுக்கு வெறும் அங்கிள். மூன்று வருடம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்து இருந்தோம். அந்தக் கிழமை அவர் நகரத்தின் மறுகோடியில், கிரான்பர்னில், மருமகளின் வீட்டோடு போய் இருக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. வீட்டுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். இங்கே குடிவரவுத் திணைக்களம் சேகர் அண்ணைக்கு அனுப்பியவற்றையும் நான்தான் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆட்டிறைச்சி சமைப்பார். சாப்பிட்டுக்கொண்டே என் தமையன் ரூபனைப் பற்றிச் சொல்வேன். இயக்கத்துக்குப் போனவன் திரும்பவில்லை; பின்னால் வருகிறான் என்று ஒரு தாடிக்காரன் எங்கள் கொட்டிலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனதுதான் கடைசி. அம்மா இன்னும் ஊரில், காணாமற்போனவர்களைக் கேட்டுப் போராடும் தாய்மாரின் கூடாரத்தில் போய் இருக்கிறார். திவசம் செய்யச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "செத்த நாளைக் கொண்டு வாங்கோ, செய்யிறன்" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவார். இதையெல்லாம் சேகர் அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி போடுவார்.

பைக்குள் நனைந்து காய்ந்த கொப்பி ஒன்று இருந்தது. தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புரட்டினேன். பெயர், ஊர், செத்த நாள், நேரம் என்று பக்கம் பக்கமாக அவருடைய கையெழுத்து. ஏழாம் பக்கத்தில் ரூபன். மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு பத்து. அதற்குக் கீழே: "வெள்ளி தாயைக் கண்டேன். சொல்லவில்லை. பின்னால் வருகிறான் என்றேன். தேநீர் தந்தார்."

நான் நடைபாதையில் குந்திவிட்டேன். நாயோடு வந்த பக்கத்து வீட்டு றோஸ் என்னையும் கடதாசிகளையும் பார்த்துவிட்டு, வரிக் கணக்கென்று நினைத்து, "டாக்ஸ்?" என்று இரக்கத்தோடு கேட்டாள். "யெஸ்" என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

சேகர் அண்ணை மெத்தையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கொப்பியைக் கண்டதும் கை நின்றது.

"அண்டைக்கு எங்கட கொட்டிலுக்கு வந்த தாடிக்காரன் நீங்களோ?"

"ஓம். சொல்லியிருந்தா உன்ர அம்மா அந்த இடத்தை விட்டு எழும்பியிருக்க மாட்டா. நீயும் அங்கதான் கிடந்திருப்பாய்."

"அது அண்டைக்கு. இங்க மூண்டு வருசம்?"

"முதல் கிழமையே சொல்லத்தான் இருந்தனான். நீ அண்ணை எண்டு கூப்பிடத் தொடங்கிட்டாய். பிறகு வாய் வரேல்ல."

"அதுக்காகக் குப்பையில போடுறதோ?"

"உன்னட்டத்தானே தந்தனான்" என்றார் மெதுவாக. "கடதாசியைக் கண்டா வாசிக்காம விடுறவனோ நீ?"

எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை, அம்மா கூலிக்குப் போய்ப் படிப்பித்த என் படிப்பின் தலையில் கட்டிவிட்டார். அந்தக் கொப்பியில் மற்றப் பெயர்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். அதை என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அழவில்லை. செத்த நாள் எது என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "செவ்வாய் செத்தவன். அவர் வந்தது வெள்ளி, என்ன?" என்றார். "ஓம் அம்மா." "கிடந்த கடைசிச் சீனியை அவற்ற தேத்தண்ணிக்குள்ளதான் போட்டனான். ரூபனை நல்லாப் பாப்பார் எண்டு."

திவசத்துக்கு நாள் கேட்கப் போனபோது, இங்குள்ள கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, திதி ஊரில வாற புதன் மத்தியானத்துக்குப் பிறகு தொடங்குது. அம்மா அண்டைக்கே செய்யலாம். இங்க அந்த நேரம் பின்னேரம் ஆறு மணியாகி, திவச நேரம் போயிடும். நீர் வியாழன் செய்யும்."

புதன்கிழமை வேலை முடிந்து வெரிபீ ரெயினில் இருந்தபோது அம்மா படம் அனுப்பினார். வாழையிலையில் சோறு, கத்தரிக்காய், ரூபனின் படத்துக்கு முதல் தடவையாக மாலை. அதற்கு அடுத்ததாகச் சேகர் அண்ணையின் செய்தி: "கோயிலில சொன்னவை. நாளைக்குத் திவசத்துக்கு நானும் வரலாமோ?" அதை மூடிவிட்டு அம்மாவின் படத்தைத் திரும்பத் திறந்தேன். ஊரில் என் தமையன் செத்துவிட்டான். ரெயின் போய்க்கொண்டிருந்த பக்கத்தில் அவனுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.