ரஞ்சிதத்தின் பெட்டிக்கு வந்த கோளாறு

பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷைக் கம்ப்யூட்டரின் முதுகு ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தபடியே ரஞ்சிதம் தேயிலைத் தூசியைத் திட்டிக்கொண்டிருப்பாள். “கோப்பைக்குப் போக வேண்டியது இங்க வந்து குந்திக்கிட்டா எப்படி? எந்திரி, எந்திரி சனியனே!” எஸ்டேட் ஆபீஸில் காலையில் முதலில் கேட்கிற சத்தம் இதுதான். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை. எத்தனை கதவு சாத்தினாலும் தூசி வந்துவிடும். கணக்கெழுதுகிற கிராணியின் மூக்குக்கண்ணாடியில் படியும், சாமி படத்தில் படியும், குடிக்க வைத்த வெந்நீரில் கூடப் படியும். மற்றவர்கள் துணியால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ரஞ்சிதம் அதோடு மல்லுக்கு நிற்பாள்.

வயது இருபத்தைந்து இருக்கலாம். ஒல்லி உடம்பு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டுவாள். கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளை மட்டும் கத்தரித்து எறிந்திருக்கிறாள். கேட்டால், “விரலை மூடிக்கிட்டா எழுத்து எப்படித் தட்டுறது?” என்பாள். நாலைந்து வருஷம் கொழுந்து எடுத்தவள். கூடையை இறக்கி வைத்து வெகுநாளாகியும், முதுகில் அது இருப்பது போலவே கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் நடப்பாள், சமதரையில்கூட.

எண்பத்தைந்தில் எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளில் இங்கிலீஷ் தெரிந்த ஒன்றை ஈப்போ டவுனுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்றார் எஸ்டேட்டை நிர்வகிக்கிற துரை. ரஞ்சிதம் போனாள். கூடப் படித்தவர்கள் எழுத்துத் தட்டப் பழகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் மட்டும் வகுப்பு முடிந்ததும் கீழே இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு இறங்கி, சீனக் கடைக்காரர் பழுது பார்ப்பதை ஸ்டூல் போட்டுக்கொண்டு பார்ப்பாள். துருவித் துருவிக் கேட்டதில் அந்த மனுஷன் அலுத்துப்போய், ‘நீயே கழற்று, நீயே மாட்டு’ என்று திருப்புளியைக் கையில் கொடுத்துவிட்டாராம். இதை ரஞ்சிதமே பெருமையாகச் சொல்வாள்.

அவள் காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. ‘ரோசாக்’, மலாயில் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். இந்த ஊரில் எது ஓடாவிட்டாலும் ரோசாக் என்று சொல்லித் தூக்கி மூலையில் போடுவதுதான் வழக்கம். “ரோசாக்னு சொல்ல வாய் இருந்தாப் போதும்லா. எது ரோசாக்னு சொல்லத்தான் மண்டை வேணும்” என்று பாய்வாள். லோரி கிளம்பாமல் முனகினால் ஜன்னல் வழியாகக் காது கொடுத்து, “பேட்டரி” என்பாள். கிராணி இருமினால், “இது நெஞ்சுல இல்ல, தொண்டையில” என்பாள். பாதி சரியாக இருக்கும். ஒருமுறை ஆபீஸ் ரேடியோ பாடவில்லை என்று மேசைமேல் கழற்றிப் பரப்பிவிட்டாள். கடைசியில் பார்த்தால் பிளக் சொருகவில்லை. “அதையும் நான்தானே கண்டுபிடிச்சேன்?” என்று கேட்டாளே தவிர, முகத்தில் ஓர் அசடு வழிய வேண்டுமே, கிடையாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பெட்டி எழுந்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது. சத்தமும் இல்லை.

பெரிய கிராணி அமிர்தலிங்கத்துக்கு இந்தப் பெட்டியோடு ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. பேரேட்டில் எழுதி எழுதி விரலில் காய்ப்பு ஏறிய மனுஷன். உடனே போனைச் சுற்றி, பெட்டி விற்ற கோலாலம்பூர் கம்பெனியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்து ஆள் காற்றாடி சுற்றுகிறதா, படம் வருகிறதா என்று கேட்டான். கேட்டுவிட்டு, “மதர்போர்டு போச்சு, கீழ அனுப்பி வைங்க” என்று சொல்லிப் போனை வைத்தான்.

துரை வந்தார். மலையாள வாடை அடிக்கிற தமிழில் நிதானமாகப் பேசுகிறவர். “போர்டு போனா அதுக்கு ஆகிற செலவுக்கு நான் மேலிடத்துல பதில் சொல்ல முடியாது. மத்தியானம் கீழே தாப்பா டவுனுக்கு இறங்குற லோரியிலே ஏத்தி விடு கிராணி. கொழுந்துக் கணக்கை இனித் தலைமை ஆபீஸிலே பார்த்துக்கட்டும்.” ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னார். “ரஞ்சிதம், நீ பழையபடி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகலாம்.”

ரஞ்சிதம் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“லோரி கிளம்புறதுக்குள்ள சொல்லிடுறேன் சார். போர்டா மெமரியா, ரெண்டுல ஒன்னு. மெமரின்னா இங்கேயே சரியாயிடும்.”

“உன்னால சொல்ல முடியுமா?”

“பாத்துக்கலாம்லா.”

துரையிடம் போய், கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி ‘லா’ போட்டாளே என்று கிராணி கண்ணை மூடிக்கொண்டார். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மூடியைக் கழற்றினாள். அடியில் பச்சை நிறத்தில் அகலமான தகடு. அதுதான் போர்டு. அதன் ஓரத்தில் வரிசை வரிசையாகக் கறுப்புச் சில்லுகள், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவைதான் மெமரி. கிராணி எட்டிப் பார்த்தார்.

“இதுல எது போச்சுன்னு கண்ணால பார்த்தா தெரியுமா பிள்ளை?”

“தெரியாது ஐயா. அழ வச்சுத்தான் பார்க்கணும். போர்டு இருக்குல்ல, அது லயம் மாதிரி. மெமரி அதுல குடியிருக்கிற சனம். சனத்தை வெளிய கெளப்பிட்டு சுவிட்சைப் போட்டா, ‘ஆளில்லை ஆளில்லை’ன்னு போர்டு கத்தும். கத்துச்சுன்னா அது உசிரோட இருக்கு, கோளாறு மெமரியில.”

“கத்தலேன்னா?”

“நீங்க போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க ஐயா.”

கிராணி போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாள் ஒன்றை மேசையில் விரித்தாள். பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டாள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லு செத்துப்போகும் என்று ஈப்போவில் கற்றது. தட்டைத் திருப்புளியை ஒவ்வொரு சில்லுக்கும் அடியில் விட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நெம்பி, முதல் வரிசையை எடுத்துத் தாளின்மேல் அடுக்கினாள். முள் எடுப்பது போன்ற வேலை. மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

காற்றாடி சுற்றியது. வேறொரு சத்தமும் இல்லை.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். அதே ஊமை.

“நான் சொல்லல பிள்ளை, கோலாலம்பூர்க்காரன்தான் சொன்னான்” என்றார் கிராணி. குரலில் குத்தல் இல்லை. மனசுக்குள் வருத்தப்பட்டிருக்கத்தான் வேண்டும். வெளியே லோரி டிரைவர் எதையோ தட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். சரிவில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் கொழுந்து எடுக்கிறார்கள். ரஞ்சிதம் அந்தப் பக்கம் பார்த்தாள். ஈரச் சேலை கணுக்காலில் ஒட்டும்போது குளிர் எலும்புவரை ஏறும், அது அவளுக்கு மறக்கிற விஷயமா? பாத்துக்கலாம் என்ற சொல் அன்றைக்கு முதல் தடவையாக வாய்வரை வந்து நின்றுவிட்டது.

ஸ்வெட்டர் பையிலிருந்து உப்பில் உலர்த்திய புளிப்புப் பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதைக் கன்னத்தில் ஒதுக்கியபடி பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஐயா, செத்தவன் கத்த மாட்டான், சரி. வாயில துணி அடைச்சு வச்சவன் கத்துவானா?”

“இப்ப என்ன சொல்ற?”

“இதோட வாய் எங்க இருக்குன்னு பாருங்க.”

முன்பக்க மூலையில் கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து வருகிற மெல்லிய இரட்டை ஒயர் போர்டில் மாட்டியிருக்க வேண்டும். அது கழன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி இறக்கியதில் விட்டிருக்கும். ரஞ்சிதம் அதை இரண்டு விரலால் பிடித்து ஊசிமுனையில் சொருகிவிட்டு சுவிட்சைத் தட்டினாள்.

பெட்டி கத்தியது. கீச் கீச் கீச் என்று, வாலை மிதித்த எலி மாதிரி விடாமல் கத்தியது. கிராணி துள்ளி எழுந்ததில் நாற்காலி மல்லாக்க விழுந்தது.

“அய்யோ, நிறுத்து பிள்ளை! வெடிச்சுடப் போவுது!”

“கத்தட்டும் ஐயா, நல்லா கத்தட்டும்! போர்டு இருக்கு! இவன் உசிரோடதான் இருக்கான்!”

சத்தம் கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து காளிமுத்து ஓடி வந்து வாசலில் நின்றான். தேயிலையைக் காயவைக்கிற டிரையரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். தலை, புருவம், மீசை எல்லாம் தூசி.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோதுதான் மீதி விஷயம் தெரிந்தது. மிச்ச வரிசைகளில் ஒரு சில்லாவது சமமாக உட்கார்ந்திருக்க வேண்டுமே! ஒன்று இடது பக்கம் தூக்கிக்கொண்டு, இன்னொன்று வலது பக்கம் தூக்கிக்கொண்டு, பள்ளத்தை விட்டு ஏறி வந்து நின்றன. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ‘டிக்’ என்று உள்ளே இறங்கியது. அடுத்ததற்கும் அதே டிக். எடுத்து வைத்த சில்லுகளின் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு அவற்றையும் அதனதன் இடத்தில் அழுத்தி உட்கார வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு சின்னக் கூவல் வந்தது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

“ஆச்சா?” என்றார் கிராணி.

“ஆச்சு.” சொன்னாளே ஒழிய முகம் தெளியவில்லை. எது என்று தெரிந்துவிட்டால் அடுத்து ஏன் என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது. “கட்டுன மாடு மாதிரி அசையாம இருந்த சில்லு. அது ஏன் ஐயா தானா ஏறி வரணும்?”

வாசலில் நின்ற காளிமுத்து சிரித்தான். “எல்லாம் ஈரந்தான் தங்கச்சி. நீதான் வாரம் தவறாம காயவைக்கிறியே, அப்படியுமா?”

ரஞ்சிதம் மெல்லத் திரும்பினாள். “பெட்டியை எங்கண்ணே வைப்பீங்க?”

“நீ சொன்ன எடத்துலதான், டிரையர் வாய்க்கிட்ட. சாக்கு சுத்தி வச்சா தோசைக்கல் கணக்கா சுட்டுடும். ஈரம்தான் எமன், நல்லா காயட்டும்ணேன்னு நீதானே சொன்னே?”

அவள்தான் சொன்னாள். இந்த மலையில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நனைந்த காலுறை, ஊமையான ரேடியோ, நமுத்துப்போன அப்பளம், பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாமே டிரையர் பக்கம் போய்த்தான் பிழைத்து வரும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடும்போது பெட்டியையும் அனுப்பி வைத்தாள். அங்கே சூட்டில் விரியும், திங்கட்கிழமை குளிர் அறைக்கு வந்ததும் சுருங்கும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஒரு மயிரிழை அளவாகச் சில்லுகள் மேலே ஏறி வந்திருக்கின்றன. அவள் கொடுத்த மருந்துதான் பெட்டியைப் படுக்க வைத்திருக்கிறது.

செருப்புச் சத்தம் கேட்டது. துரை உள்ளே வந்தார்.

“என்ன ஆச்சு? போர்டா, மெமரியா?”

மெமரி என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். கிராணி கூட அவளைப் பார்த்து அதற்குத்தான் கண்ணைக் காட்டினார்.

“மெமரி சார். அதுவும் கெட்டுப்போகலை, ஏறி வந்துடுச்சு. டிரையர்ல வச்சு வச்சு ஏத்திவிட்டது நான்தான்.”

“நீயா?”

“நான்தான் சார். காளிமுத்து அண்ணன் நான் சொன்னதைத்தான் செஞ்சாரு. இனிமே பெட்டி இந்த மேசையை விட்டு எங்கேயும் போகாது. ஈரம் அண்டாம இருக்கப் பெட்டி பக்கத்துல ஒரு பல்பு எரிய விட்டாப் போதும்.”

துரை திரையில் நிற்கிற எழுத்துகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். இவளையும் பார்த்தார். என்ன யோசித்தாரோ, “கிராணி, லோரி இனியும் எதுக்கு நிக்குது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கிராணி ஜன்னலைத் திறந்து டிரைவரைப் பார்த்து, “ஏத்த ஒன்னும் இல்லப்பா, நீ கீழ எறங்கிப் போ!” என்று கத்தினார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். உடனே இருமி மறைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு ரஞ்சிதம் அடங்கிப்போனாளா என்று கேட்டால், எங்கே அடங்கினாள்? தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கிண்டல் செய்தார்கள். “ஏண்டி, கம்ப்யூட்டரைக் கருவாடு மாதிரி காயப்போட்டியாமே?”

“ஆமா, நானே கெடுத்தேன், நானே கண்டுபிடிச்சேன். வேற யாராச்சும் கெடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருப்பேன்” என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள், முன்னால் சாய்ந்து.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் காளிமுத்து பழக்கத்தில் வந்து நின்றான். டிரையரிலிருந்து எடுத்து வந்த சாக்கு கையில் சூடு ஆறாமல் இருந்தது. “தூக்கலாமா தங்கச்சி?”

ரஞ்சிதம் எழுந்து சாக்கை வாங்கினாள். நாலாக மடித்தாள். சில்லிட்டுக் கிடந்த தன் நாற்காலியில் அதைப் போட்டு, மேலே நன்றாக அழுத்தி உட்கார்ந்து, கொழுந்துக் கணக்கைத் தட்ட ஆரம்பித்தாள்.