கால் மணி நேரம் லேட்

போன புதன்கிழமை என் மகளை அறைந்துவிட்டேன். தெருவில் வைத்து. பன்னிரண்டு வயதுப் பெண்ணை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பயங்கள் அத்துப்படி. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பியவள் நான். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை.

எல்லாம் ஒரு புத்தகக் கட்டில் ஆரம்பித்தது.

ஏழாம் வகுப்பில், சிஸ்டர்கள் நடத்திய ஹாஸ்டலில் இருந்தபோது, ஓர் ஆங்கிலக் கதை வரிசையின் மேல் பைத்தியமாக இருந்தேன். நாலு தோழிகள் சேர்ந்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் மொத்தக் கதையும். அதில் வருகிற 'பேபி சிட்டர்' என்றால் குழந்தையை உட்கார வைக்கிறவள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஓடுகிற பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைப்பது சாதாரண வேலையா என்ன?

போன மாதம் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் அதே வரிசை... ஒன்பது புத்தகங்கள். விடுவேனா? மகள் ஜெனிக்கு என்று வாங்கி வந்தேன்.

ஜெனியும் எதிர்வீட்டு ஷமீமாவும் ஒரே வாரத்தில் ஒன்பதையும் முடித்தார்கள். மறுநாள் எங்கள் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'இங்கு குழந்தைகள் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும்.'

முதல் ஆளாக வந்தவள் பின்தெரு வள்ளி. உப்பளத்தில் வேலை. மே மாதம் உப்பு விளைகிற நேரம், பால்வாடிக்கோ லீவு. விடிவதற்குள் பாத்தியில் இறங்க வேண்டியவள் மூன்று வயது மித்ராவை எங்கே விடுவாள்?

"இன்னாக்கா, புள்ளைங்க நெஜமாவே பாத்துக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் நன்றாகத்தான் போனது. ஒன்பதாம் நாள் ஆபீசில் போய் உட்காருகிறேன் — போன்.

"மா... மித்ராவக் காணோம். பின்னாடி பாய்ல தூங்கிட்டிருந்தா. இப்ப இல்ல."

"எப்பலேர்ந்து?"

"கால் மணி நேரமா."

கால் மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து கால்வாய்க்கு ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் நடந்துவிடும். அதைத் தாண்டினால் உப்புப் பாத்திகள். பாத்தியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் பக்கத்திலேயே தண்ணீர் தேக்குகிற ஆழமான குழிகள் இருக்கின்றனவே... ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

தெருமுனையில் ஜெனி நின்றிருந்தாள். முட்டி வரை சேறு.

"கால் மணி நேரமா என்னடி பண்ணிட்டிருந்த? ஒடனே போன் பண்ண மாட்டியா?"

பதில் வருவதற்கு முன் என் கை விழுந்துவிட்டது. அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் வள்ளி வருகிறாள். ஒரு கையில் ரேஷன் பை, இடுப்பில் மித்ரா. மித்ராவின் கையில் பாதி பன்.

நடந்தது இதுதான். மேகம் போட்டதால் மேஸ்திரி சீக்கிரமே எல்லோரையும் அனுப்பிவிட்டார். ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அவசரமாகப் பின்பக்கம் வழியே வந்து, தூங்கின பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் அப்போது சமையலறையில் மித்ராவுக்குத்தான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா வள்ளி?"

"எம் புள்ளைய நான் தூக்கினு போறதுக்கு இன்னாக்கா சொல்லணும்?"

நம் தெருக்களில் பிள்ளைகள் ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும். யார் யாரிடம் ரசீது வாங்கியிருக்கிறோம்?

வள்ளி போனதும் ஜெனி கதவிலிருந்த அட்டையைக் கழற்றினாள். "இனிமே நான் யாரையும் பாத்துக்க மாட்டேன்." அன்று அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம்.

நான் ஆபீசுக்குத் திரும்பவில்லை. லீவு சொல்லிவிட்டு அந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பன்னிரண்டு வயதில் அந்தக் கதைகளின் அப்பா அம்மாக்கள் என் கண்ணிலேயே படவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள் — கதை ஆரம்பிக்கும். திரும்பி வருவார்கள் — கதை முடியும். இப்போது? அவர்களை மட்டும்தான் படிக்கிறேன். எந்த தைரியத்தில் போகிறார்கள்? வந்ததும் என்ன கேட்கிறார்கள்? வாசலில் நின்று ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள், வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள்... இதையெல்லாம் அன்று யார் கவனித்தது?

நான்காவது புத்தகத்தில் ஒரு குழந்தை காணாமல் போய்க் கிடைக்கிறது. வீடு திரும்பிய அம்மா முழுக் கதையையும் கேட்கிறாள். கேட்டுவிட்டு, பார்த்துக்கொண்ட பெண்ணிடம் முதலில் சொல்வது — 'ரொம்ப பயந்துட்டியா நீ?'

சின்ன வயதில் இந்த வரியை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன் என்று தெரியவில்லை. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஷமீமா வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, ஒடனே உங்களுக்கு போன் போடலாம்னு நான் சொன்னேன். ஜெனிதான், 'அம்மா வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆவும், மொதல்ல தண்ணி இருக்கற எடத்தையெல்லாம் பாத்துடலாம்'னா. என்னைக் கெணத்துக்கு அனுப்பிட்டு அவ கால்வாய்க்கு ஓடினா. எறங்கியே பாத்தா ஆன்ட்டி."

அந்தச் சேற்றை நான் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை.

அந்தப் புத்தகங்களில் கால்வாய் கிடையாது, உப்பளம் கிடையாது. யாரும் சொல்லித்தராமல் அவள் தானாக யோசித்தது அது. நானாக இருந்தால் அந்தோணியாரைக் கூப்பிட்டபடி தெருவிலேயே சுற்றியிருப்பேன். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் அவளை அறைந்தேன்.

அவள் அறைக்குள் போனேன்.

"ரொம்ப பயந்துட்டியா?"

"ம்."

"சாரிடி."

ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "தெருவுல வெச்சுதானம்மா அடிச்ச? சாரி மட்டும் ரூமுக்குள்ளயா?"

இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்.

மறுநாள் காலை வள்ளி வழக்கம்போல மித்ராவோடு வந்தாள். பால்காரர் பக்கத்து வீட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஷமீமாவின் அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் தெருவில் இறங்கி நின்றேன். "ஜெனி, நேத்து நான் அடிச்சது தப்பு. நீ செஞ்சதுதான் சரி" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

"போதும்மா... மெதுவா" என்றாள் ஜெனி. அவளுக்கு மானம் போயிற்று.

"இன்னாக்கா, காலங்காத்தால" என்று சிரித்தாள் வள்ளி.

ஜெனி அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, தூக்கினு போவும்போது என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும். சரின்னாதான் பாத்துப்பேன்."

"சரிங்க மேனேஜரம்மா" என்று வள்ளி குழந்தையை நீட்டினாள். நான் சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"உங்ககிட்ட இல்லக்கா. ஜெனிகிட்ட."

நியாயம்தான். நானாக இருந்தாலும் அவளிடம்தான் கொடுத்திருப்பேன்.