கொடுவா வலையும் கோல்போஸ்ட்டும்

மாட்டு வண்டியைக் கோல்போஸ்ட்டுக்கு அடியில் நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று, பல்லால் கயிற்றுத் துண்டுகளைக் கவ்விக்கொண்டு, மேல்கட்டையில் வலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார் மாரியப்பன். முழத்துக்கு ஒரு முடிச்சு. மாடு ஓரடி நகர்ந்தால் மனிதர் அந்தரத்தில்தான். போன வருஷம் அப்படித்தான் தொங்கினார். தொங்கியபடியே, ஒரு கையும் பல்லுமாக, பாதியில் நின்ற முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் கீழே குதித்தார்.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கேட்டால், "பெரிய புயல் அடிச்ச வருசம் எனக்கு மீச மொளைச்சிது, நீயே கணக்குப் போட்டுக்கோ" என்பார். இது கொடுவா மீனுக்குப் போடுகிற வலை. வருஷம் முழுக்க ஏரியில் கிடக்கும். பொங்கல் கோப்பைக்கு மட்டும் பஸ் கூரையில் ஏறிப் பொன்னேரிக்கு வரும். எவ்வளவு அலசினாலும் கவிச்சி போகாது. கோல் பக்கம் ஆடுகளத்தில் எந்நேரமும் நாலு காக்கை உட்கார்ந்திருக்கும்.

அறுபத்தாறாம் வருஷம் மீன் கூடையோடு சந்தைக்கு வந்தவர், திரும்புகிற வழியில் இந்த மைதானத்தில் ஒரு சண்டையைப் பார்த்திருக்கிறார். இரண்டு சவுக்குக் கட்டை, குறுக்கே ஒரு கட்டை, நடுவே வெறும் காற்று. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று இரண்டு ஊரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. "வல இல்லாம மீன் புடிக்கிறீங்களே, அறிவு கீதா?" என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு தானே வலையோடு வந்து நின்றார். எதிர்க் கோலுக்கு மச்சான் திருமலையின் வலை. ஆறு வருஷமாக இதே ஏற்பாடு.

அவர் மனைவி கோவிந்தம்மா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "ஏரிக்குப் போறதுன்னா நாலு தபா எழுப்பணும். பந்தாட்டம்னா கோழிக்கு முன்னாடி எழுந்து குந்திக்கினு வலையத் தடவிக்கினு கீது."

தடவுவது உண்மை. ஆட்டத்தன்று காலையில் வலையை மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் எண்ணுவதுபோல் தொட்டுப் போவார். கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன என்று கேட்டேன். "கண்ணு ஏமாத்திடும். கையி ஏமாத்தாது." அதோடு விடமாட்டார். "எங்க அப்பன் காலத்துலருந்து எங்க ஊட்டு வல அறுந்துச்சின்னு ஒருத்தன் சொன்னது கெடையாது" என்பதையும் சேர்த்துக்கொள்வார். இந்த வாசகத்தை மைதானத்தில் கேட்காத காது இல்லை.

கட்டி முடித்ததும் வலையின் அடிக்கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு போஸ்ட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவார். பிறகு நடுவட்டத்தில் நிற்கும் ரெஃப்ரியைப் பார்த்து வலது கையை உயரத் தூக்குவார். வலை சரி என்று அர்த்தம். அந்தக் கை எழாமல் ரெஃப்ரி துளசிராமன் விசில் ஊதுவதில்லை. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் அவர். எமனே வந்து கேட்டாலும் ரூல் புஸ்தகத்தைப் பிரித்துவிட்டுத்தான் உயிரை விடுவார்.

இனி சொல்லப்போவதுதான் வேடிக்கை. இவ்வளவு பாடுபடுகிற மனிதர் கோலைப் பார்த்ததே இல்லை. பொன்னேரி கோலைப் பார்த்துப் பந்து வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். கையில் இருக்கும் கயிறு இழுத்தால் கோல், இழுக்காவிட்டால் தப்பித்தோம். ஏரியில் மீன் விழுந்ததையும் இப்படித்தான் தெரிந்துகொள்வாராம். பொன்னேரியின் கோல்கீப்பர் மோசஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பையன். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான். "நா பந்தப் புடிக்கிறத இந்த நைனா ஒரு நாளாச்சும் பாத்துகீதா கேளுங்க சார்!"

பொன்னேரி இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. இந்த வருஷம்தான் முதல் ஃபைனல், மீஞ்சூரோடு. நானும் வீட்டில் மாவரைக்கச் சொன்ன வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுக் காலை பாசஞ்சரில் வந்து இறங்கினேன். "கப்பு நம்முளுதுதான். காலையில ரெண்டு தபா வலையத் தடவிட்டேன்" என்றார் மாரியப்பன். நாஷ்டாகூடத் தொடவில்லை. கோப்பை வந்தால் டீம் முழுக்கப் பழவேற்காட்டில் கொடுவாக் குழம்பு என்று ஏற்பாடு. கோவிந்தம்மா மசாலாவே அரைத்து வைத்துவிட்டாள்.

ஆட்டம் முடிய ஒன்பது நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மாரியப்பனின் வலைக்கு முன்னால் மோசஸ். மீஞ்சூர்க்காரன் ஒருவன் இடது ஓரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். நாலைந்து பேர் விழுந்து புரண்டதில் ஒரே புழுதி. புழுதி அடங்கியபோது பந்து கோலுக்குப் பின்னால் வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தது. மீஞ்சூர் கோல் என்று குதித்தது. பொன்னேரி அவுட் என்று குதித்தது. வலையின் மூலையில், போஸ்ட்டை ஒட்டி, பந்து நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"அந்த ஓட்ட காலையிலயே இருந்துச்சி சார்! பந்து போஸ்ட்டுக்கு வெளிய போச்சி, வலையத் தொடவேயில்ல!" என்று மோசஸ் கத்தினான். ஊரே அதைத் திருப்பிக் கத்தியது. கோட்டோரம் நிற்கும் கொடிக்காரர் எதிர்ப்பக்கத்தில் இருந்தார், அவருக்குப் புழுதிதான் தெரிந்தது. துளசிராமன் இரண்டு கூட்டத்தையும் விலக்கிவிட்டு நேரே மாரியப்பனிடம் வந்தார்.

"பந்து உள்ளே வந்ததா? பார்த்தியா?"

"பாக்கல சார். கண்ண மூடிக்கினு இருந்தேன்."

பொன்னேரிக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்வானேன். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

"சரி, இந்த ஓட்டை காலையில் இருந்ததா?"

மாரியப்பன் கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். மோசஸைப் பார்த்தார். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"இல்ல சார். கவுறு இழுத்துச்சி. வெளிய போன பந்துன்னா இழுத்திருக்காது." பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் வல அறுந்துபோச்சி சார்."

துளசிராமன் விசிலை ஊதினார். கோல்.

பிறகு அவர் மேல் விழுந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. போடக்கூடிய ஒன்று: "உப்புத் தின்ன ஊருக்கே துரோகம் பண்ட்டான்யா!" ஒரு மண்ணாங்கட்டியும் பறந்து வந்து அவர் முதுகில் உடைந்தது. அவர் திரும்பவில்லை. இடுப்பிலிருந்து வலை ஊசியை உருவி, ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டார். வலை சரியாகாமல் ஆட்டம் தொடங்காது, கடிகாரமும் ஓடாது, அது துளசிராமன் சட்டம். மேலே இரண்டு கண்ணி, பக்கத்தில் மூன்று என்று ஊசி போய்ப்போய் வந்தது.

கோல் கோட்டில் மோசஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னா நைனா, இப்டிப் பண்ட்டியே."

"நூலு இத்துப்போயி இருந்துகீது. ரெண்டு தபா தடவியும் தெரியல." ஊசியிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினார். "எழுந்து நில்றா. இன்னும் ஒம்போது நிமிசம் கீது."

மோசஸ் எழுந்திருக்கவில்லை. மாரியப்பன் கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கி நூலை அறுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தைத்த கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் போனார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொட்டார். ஊர் கூச்சல் போட்டபடியே இருந்தது. மோசஸ் பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டு மெல்ல எழுந்து, கோட்டில் காலை அகட்டி நின்றான்.

மாரியப்பன் அடிக்கயிற்று நுனியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டு, போஸ்ட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நடுவட்டத்தில் துளசிராமன் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். மாரியப்பன் அவரைப் பார்த்து, வலது கையை உயரத் தூக்கினார்.