நாலு பேர் மிஞ்சிய மேசை

பெர்னடெற் சீட்டாடுகிறவள் என்று லண்டனில் ஹவுன்ஸ்லோக் கோயில் பங்கில் யாராவது சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஞாயிறு பூசைக்கு வருவாள், ஓரத்து மர வாங்கில் இருப்பாள். பூசை முடிந்ததும் "எப்பிடி அக்கா, சுகமோ?" என்பார்கள். அவள் "சுகம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருப்பார். திருநாள் வந்தால் மட்டும் அவளைக் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடுவார்கள். நூறு பேருக்கு ரோல்ஸ் பொரிக்க ஆள் வேண்டுமே.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் மன்னாரில் பேசாலை. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் வேலை. விடியற்காலை ஷிப்ட் என்பதால் பின்னேரத்துக்கு முன்பே வீடு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவதற்கு ரேடியோவைத் தவிர வேறு ஆள் இல்லை. பிள்ளைகள் இல்லை. கணவர் செபஸ்தியாம்பிள்ளை மாரடைப்பில் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது.

அவர் இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் மேல்மாடித் தம்பதி இறங்கி வருவார்கள். நாலு பேருமாக இருந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் உங்களுக்கு எதிரே இருப்பவர்தான் உங்கள் ஆள். இருவரும் ஒரு கட்சி. உங்கள் ஆள் பிடிக்கப்போகிற சீட்டை நீங்களே துரும்புச் சீட்டால் வெட்டினால் அதைவிடக் கேவலம் கிடையாது. பெர்னடெற் ஒருமுறை தெரியாமல் அப்படிச் செய்துவிட்டாள். செபஸ்தியாம்பிள்ளை திங்கட்கிழமை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அவரும் போனார், மேல்மாடிக்காரரும் ரொறன்ரோவுக்குப் போனார்கள். சீட்டுக்கட்டு மேசை லாச்சியில் கிடந்தது. தனியாக இருந்து முந்நூற்றிநாலு ஆட முடியாது.

இன்டர்நெட்டில் போக்கர் ஆடலாம் என்று அவளுக்குச் சொன்னது வேலையிடத்துச் சுப்பர்வைசர் கிருசாந்தன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. அப்போது லண்டனில் கணினி வைத்திருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கிருசாந்தனுக்கு முழுப்பைத்தியம். தேத்தண்ணி இடைவேளையில் வேறு கதையே கிடையாது. மற்றவர்கள் அவனைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார்கள். பெர்னடெற்றுக்கு எழும்பிப் போக வேறு இடம் இருக்கவில்லை, கேட்டாள்.

"சின்னப் போட்டிதான் அன்ரி. ஒம்பது பேர், ஒரே மேசை. ரெண்டு டொலர் கட்டினால் எல்லாருக்கும் ஒரேயளவு சிப்ஸ் தருவாங்கள். முதல் மூண்டு பேருக்குத்தான் பரிசு. நாலாவதாப் போறவனுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப எப்பிடி ஆடுறது?"

"முதல் அரைமணித்தியாலம் ஆடவே கூடாது. வாற சீட்டையெல்லாம் எறியுங்கோ. அவசரக்காரர் தங்களுக்குள்ளை அடிபட்டுப் போவினம். பிறகு ஒவ்வொரு சுற்றும் கட்டாயமாப் போடுற காசு கூடிக்கொண்டு வரும். அப்ப பதுங்க ஏலாது. நல்ல சீட்டெண்டால் கையில இருக்கிற முழுதையும் தள்ளுங்கோ, இல்லையெண்டால் எறியுங்கோ. அரைகுறை வேலை கூடாது. நாலு பேர் மிஞ்சேக்கை எல்லாரும் பயந்துகொண்டிருப்பினம். அந்த நேரந்தான் அடிக்கவேணும்."

காத்திருப்பதுதான் வித்தை என்றால், அதில் பெர்னடெற்றை அடிக்க லண்டனில் ஆள் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர்கள் பொறுமையிழந்து ஒவ்வொருவராக விழ, அவள் சீட்டுகளை எறிந்துகொண்டே வெங்காயம் உரிப்பாள். மேசையில் ஆறு பேர், ஐந்து பேர் என்று குறையும்போதுதான் கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து இருப்பாள். மூன்றாமிடம் அடிக்கடி வந்தது, இரண்டாமிடமும் சிலவேளை வந்தது. அவள் வைத்துக்கொண்ட பெயர் 'பேசாலை'.

அந்த மேசைகளில்தான் 'கேத்தில்' என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். கிரிம்ஸ்பித் துறைமுக ஊரில் இருக்கும் கிழவர், மீன்பிடிக் கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். இதெல்லாம் திரையின் மூலையிலிருந்த சின்னப் பெட்டியில் அவர் எழுதியது. தன் தகப்பனும் கடலுக்குப் போனவர் என்று பெர்னடெற் தன் ஆங்கிலத்தில் எழுதினாள். என்ன மீன் என்று கேட்டார். பெயர் தெரியாமல் நீளத்தையும் நிறத்தையும் எழுதினாள். அவர் யோசித்து யோசித்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார், ஒன்றும் பொருந்தவில்லை. இருவரும் ஒரு வாரம் அதையே ஆராய்ந்தார்கள். ஆட்டத்தில் தோற்று வெளியேறினால் அவர் "கேத்தில் வைக்கப்போகிறேன்" என்று எழுதுவார். அவளும் "நானும்" என்று எழுதிவிட்டு எழும்பித் தண்ணீர் கொதிக்க வைப்பாள். ஒவ்வொரு பின்னேரமும் ஒரே நேரத்துக்கு ஒரே மேசையில் இருவரும் பெயர் கொடுத்தார்கள்.

ஒருநாள் நாலு பேர் மிஞ்சினார்கள். கேத்திலிடம் சிப்ஸ் கொஞ்சந்தான். அவர் அவ்வளவையும் தள்ளினார். மற்ற இருவரும் எறிந்துவிட்டார்கள். பெர்னடெற்றின் கையில் இரண்டு ராணி, முன்னால் சிப்ஸ் மலைபோல. அந்த இடத்தில் அவரை விழுத்தாதவர்கள் போக்கர் ஆடவே வரக்கூடாது என்று கிருசாந்தன் சொல்லியிருப்பான். ஆனால் திரையில் கேத்தில் இருந்தது நேர் எதிரே. எதிரே இருக்கிற தன் ஆளை எப்படி வெட்டுவது? ராணிகளை எறிந்தாள். கேத்தில் தப்பி மூன்றாவதாக வந்தார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மற்றவர்களைப் புலிபோல அடித்தவள், கேத்தில் சிப்ஸைத் தள்ளினால் பசுவாகிவிடுவாள். அது பிழை என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவளிடம் அடிவாங்கி விழுந்த யாரோ ஒருவன் முறைப்பாடு செய்தான். ஆட்டத்தை நடத்தும் கம்பனிக்காரர் எறிந்த சீட்டுகளையும் பார்க்கக்கூடியவர்கள். அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. 'கேத்தில் என்பவரை உங்களுக்குத் தெரியுமா? உறவினரா? நண்பரா? விசாரணை முடியும்வரை உங்கள் கணக்கில் ஆட முடியாது.'

தேத்தண்ணி இடைவேளையில் கிருசாந்தனிடம் சொன்னாள். அவன் தலையில் கையை வைத்தான்.

"போக்கரில ஒருத்தரும் ஒருத்தருக்கும் சோடி இல்லை அன்ரி. கூட்டுச் சேர்ந்து ஆடினதெண்டுதான் நினைப்பாங்கள். தெரியாது எண்டு எழுதுங்கோ. அது உண்மைதானே. அந்தாளின்ரை முகத்தைக்கூட நீங்கள் காணேல்லை. ஓம் எண்டு எழுதினால் கணக்கை மூடிப்போடுவாங்கள். பிறகு அந்தாளோடை கதைக்கவும் ஏலாது."

"ஓம், தெரியாது எண்டே எழுதிறன்" என்றாள் பெர்னடெற்.

வீட்டுக்கு வந்து கணினியின் முன்னால் இருந்தாள். எழுத வேண்டியது ஒரே சொல். ஆனால் அந்தக் கேள்வியை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். நண்பரா? அந்த வருடத் தொடக்கத்தில் கண்ணில் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, வீட்டுக்குக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்று நேர்ஸ் கேட்டாள். பெர்னடெற் டாக்சி என்றாள். உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் அவள் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறாள். இப்போது முகம் தெரியாத ஒரு கம்பனி, அவளுக்கு ஒரு நண்பர் இருக்கிறாரா என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. இதற்கும் இல்லை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் புத்தியாக நடந்தவள்தான். அன்றைக்கு என்னவோ வீம்பு பிடித்துக்கொண்டது.

'ஆம். நண்பர்' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய கணத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணக்கை மூடிவிட்டார்கள். அவளுக்குச் சேரவேண்டிய காசு ஒரு சதம் குறையாமல் வந்தது. கிருசாந்தன் ஏசவில்லை, ஆனால் கேத்தில் இப்போதும் ஆடுகிறார் என்று தன் கணினியில் பார்த்துவந்து சொன்னான்.

"அந்தாளின்ரை கணக்கை மூடேல்லை அன்ரி. அந்தாளிட்டையும் கேட்டிருப்பாங்கள். அப்ப அந்தாள் உங்களைத் தெரியாது எண்டு எழுதியிருக்கும்."

பெர்னடெற்றின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டிகளை மூடினாள், தட்டுகளை அடுக்கினாள். பட்டர் வைக்காமல் ஒரு வண்டி நிறையத் தட்டுகள் போய்த் திரும்பி வந்தன. தெரியாதாம். ஒரு வாரம் மீனுக்குப் பெயர் தேடியவருக்குத் தெரியாதாம். இரண்டு ராணியை எறிந்தது இந்த மனுசனுக்காகவா?

கணக்கு இல்லாதவர்களும் மேசைகளை வெளியிலிருந்து பார்க்கலாம். ஆட முடியாது, எழுதவும் முடியாது. கோபம் ஆறாமலே ஒரு பின்னேரம் திறந்தாள். வழக்கமான நேரம், வழக்கமான மேசை. நாலு பேர் மிஞ்சியிருந்தார்கள், கேத்திலிடம் சிப்ஸ் வற்றிப்போயிருந்தது. அவர் மூலைப் பெட்டியில் எழுதினார்: பேசாலையை யாராவது கண்டீர்களா? கன நாளாகக் காணவில்லை.

யார் அது என்று ஒருவன் கேட்டான்.

சீட்டுப் போட்டார்கள். பிறகு கேத்தில் எழுதினார்: என் சிநேகிதி.

கம்பனிக்கு இல்லை என்று சொன்னவர், முகம் தெரியாதவர்கள் மேசையில் ஓம் என்று சொல்கிறார். பெர்னடெற்றுக்கு அப்போதுதான் விளங்கியது. நாளைக்கும் அதே மேசையில் இருவரும் இருக்க வேண்டும் என்றால் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அவர் சொல்லியிருக்கிறார். அவர் சரியாக ஆடியிருக்கிறார். அவள்தான் தன் ஆளின் சீட்டை வெட்டிவிட்டாள்.

அடுத்த கையில் கேத்தில் மிச்சத்தைத் தள்ளினார். சிப்ஸ் கூடியவன் ஒருவன் ஒரு கணமும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டான். ஏற்கத்தான் வேண்டும், அதுதான் ஆட்டம். கேத்தில் நாலாவதாகப் போனார். போகுமுன், யாரும் கேட்காமலே, கேத்தில் வைக்கப்போகிறேன் என்று எழுதினார்.

பெர்னடெற் "நானும்" என்று தட்டினாள். திரையில் எழுத்து ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.