உலாயுவின் காதும் கடல் சாமந்தியும்

கனடாவின் வடக்கே உள்ள கடலோர ஊரான கங்கிர்சுயுவாக்கில் பனிக்கு அடியில் மட்டி பொறுக்கப் போகிற பெண்கள் உலாயுவின் காதை நம்பித்தான் இறங்குவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது, உறைந்த பனி மேலே கூரையாக நின்றுவிடும். கீழே கடல்தரை வெறுமையாகக் கிடக்கும். ஓட்டை போட்டு இறங்கினால் அரை மணி நேரம் கிடைக்கும். தண்ணீர் திரும்பும்போது தூரத்துக் கற்களுக்குள் களகளவென்று சத்தம் வரும். அதை முதலில் கேட்பவள் உலாயு. "போதும், ஏறுங்க" என்பாள். எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஏறுவார்கள். முப்பது வருஷ வழக்கம்.

இரண்டு வருஷமாக அந்தக் காது அவளைக் கைவிட்டிருந்தது. பனிவண்டி இரைச்சலோ, காதோரம் வெடித்த துப்பாக்கியோ, காரணம் எதுவானால் என்ன? சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீம்பு. ஊரில் அவளுக்கிருந்த ஒரே பெயர் அது. அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தாள். கடல் பக்கத்துத் தாழ்வான பாறையில் சுருங்கி ஒட்டிக்கிடக்கும் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரி ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்வாள். தண்ணீர் வந்து மூடினால் அது விரியும். தலைவிளக்கு வெளிச்சத்தில் அதை அடிக்கடி பார்த்தபடியே பொறுக்குவாள். விரிந்ததும் குரல் கொடுப்பாள். நேருக்கு நேர் பேசுவோரின் பேச்சை உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் அவளும் நாத்தனார் பாசாவும் மட்டும் இறங்கினார்கள்.

"போன தடவ கொண்டுபோன மட்டிய அண்ணன் ஒருத்தரே தின்னு தீர்த்துட்டாராமே, அண்ணி?" என்று பாசா முகத்துக்கு நேராக வந்து சிரித்தாள்.

"உங்கண்ணன் வயித்துக்கு இந்தக் கடலே பத்தாதுடி."

பாசா நிறைந்த வாளியை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, காலி வாளியுடன் உள்ளே நகர்ந்தாள். அவள் வாளியை வைத்தது உலாயு அன்று குறித்துவைத்திருந்த சாமந்தியின் மேல். அதைத் தேடிக் காணாமல் உலாயு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். அது மேட்டுப் பாறையில் இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

புதுச் சாமந்தி சுருங்கியே கிடந்தது. உலாயு நிம்மதியாகப் பொறுக்கினாள். கணுக்காலில் குளிர் ஏறியபோதுதான் குனிந்து பார்த்தாள். தண்ணீர்! "பாசா! ஏறுடி!" என்று அலறினாள். பாசா ஓடிவருவதற்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கல்லிடுக்கில் சிக்கிய அவள் காலை உலாயு பிடுங்கி, ஓட்டை வழியே மேலே தள்ளி, தானும் ஏறினாள். வாளிகள் கீழேயே போயின.

மேலே பாசா எதிரே நின்று நடுங்கிக்கொண்டே கால்சட்டையைப் பிழிந்தாள். "மூணு தடவ கேட்டேன் அண்ணி, சத்தம் வருதே, ஏறலாமான்னு. நீங்க பாட்டுக்குப் பொறுக்கிட்டு இருந்தீங்க. சரி, என் காதுதான் தப்புன்னு நெனச்சுட்டேன்."

உலாயு இனி மறைக்கவில்லை. "எனக்குக் காது கேக்கலடி."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

பாசாவின் கை நின்றது. "போன வருஷம் எம்பொண்ணுங்க ரெண்டும் உங்க பின்னாலதான எறங்குச்சு? அண்ணி இருக்காங்கன்னு நான் மேல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேனே!"

"மன்னிச்சிருடி."

பாசா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். உலாயுவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.