இலையை மூட வேண்டாம்

வேலப்பன்சாவடியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகும் பிரியாணிக் கடையில், கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு போர்டு உண்டு. ‘சாப்பிட்ட பின் இலையை மூட வேண்டாம். அப்படியே விட்டுச் செல்லவும்.’ முதல் தடவை அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இலையை மூடாமல் எழுந்தால் சாப்பாடு போட்டவருக்கு மரியாதை இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மேல் பாதியை நம் பக்கம் இழுத்து மூட வேண்டும், அப்போதுதான் உறவு நிலைக்கும். எதிர்ப்பக்கம் மூடுவது சாவு வீட்டில். இது தெரியாதவர்கள் கடை வைத்து எனக்குப் பாடம் எடுப்பதா? என் கணவர் கண்ணாலேயே போர்டைக் காட்டினார். நான் இலையை மூடியதோடு நிற்கவில்லை. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துச் செருகி, பொட்டலமாக்கிவிட்டுத்தான் எழுந்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம், வாரா வாரம் இதே கதை. கணவர் நல்ல பிள்ளையாக இலையைத் திறந்து போட்டுவிட்டு எழுவார். அப்பா சாப்பிட்டு முடித்ததும் எதையும் பார்க்காமல் கை கழுவப் போய்விடுவார். அவர் இலையையும் நானே மூடி, நானே செருகிவைப்பேன்.

குப்பை விஷயத்தில் எனக்கு எவர் மீதும் நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூம்பலில் எங்கள் பிளாட்டில் பச்சை டப்பா, நீல டப்பா என்று இரண்டு வைத்து, எது எதில் போக வேண்டும் என்று லிஃப்டுக்குள் படம் ஒட்டியிருக்கிறார்கள். எலுமிச்சைத் தோலை நீலத்தில் போட்டதற்காக அசோசியேஷன் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் எல்லாம் ஒரே லாரியில்தானே போய்ச் சேரப்போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு நாடகம் என்று நானும் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.

இப்போது அப்பாவைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினோடு முப்பது வருடம் நின்றவர். அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். டிவியைப் பார்ப்பார், சிரிக்க வேண்டாத இடத்தில் சிரிப்பார். யாராவது ஏதாவது கேட்டால், ‘ஆமா ஆமா’ என்று தலையாட்டிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரை நாங்கள் தொலைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது தாங்கவில்லை.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு வருடம் சண்டை போட்டேன். அழுதும் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் உட்காரும், கட்டைவிரல் நகமளவு, தோல் நிறத்தில் ஒரு மெஷின். போட்ட அன்றைக்குத் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு அவரே திரும்பிப் பார்த்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பத்தே நாளில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. மிக்ஸி, ஹாரன், மாடியில் டைல்ஸ் அறுக்கிற சத்தம், இதைக் கேட்கத்தானா இவ்வளவு பாடு என்றார். இது தொலைந்தால் இன்னொன்று போட மாட்டேன், நீயும் போடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். தொலைத்தால்தானே என்று நானும் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறே தொலைந்தது.

கடையில் நல்ல கூட்டம். எவர்சில்வர் டம்ளரும் வாளியும் மோதுகிற சத்தம் தாங்காமல் அப்பா மெஷினைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, இலையின் மேல் ஓரத்தில் வைத்தாராம். வைத்ததை நான் கவனிக்கவில்லை. சாப்பிட்டோம், கிளம்பினோம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

திரும்பப் போகிற வழி முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன். குழந்தையா நீங்கள், ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா, என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று ஆரம்பித்தவள் சர்வீஸ் ரோடு வரைக்கும் வாயை மூடவில்லை. அப்பா பின் சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கேட்கவில்லை என்பதுகூட அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவர்தான் மெதுவாக, “யாரத் திட்டற?” என்றார்.

கடைக்காரர் பூந்தமல்லிக்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பதறாமல் கேட்டுக்கொண்டார். இலை எல்லாம் பின்னால் போயிருக்கும், வாங்க பார்க்கலாம் என்று சமையற்கட்டைத் தாண்டி அழைத்துப்போனார். ஓட்டல் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? துப்பட்டாவை எடுத்து மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தார்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கொடி. துணி காயப்போடுகிற கொடிதான், ஆனால் அதில் காய்ந்துகொண்டிருந்தவை தயிர் பாக்கெட்டுகள். கழுவி, கிளிப் மாட்டி, வரிசையாக வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே முட்டை அட்டைகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நசுக்கிய பாட்டில்கள் ஒரு மூட்டை. பொரித்த எண்ணெய்க்குத் தனி ட்ரம். அது மறுபடி சட்டிக்குப் போகாது, டீசல் பண்ண வண்டி வந்து எடுத்துப்போகும் என்றார் பாய். சுவரோரம் கம்பி வலை அடித்த நான்கு பெரிய தொட்டிகள். அவற்றுக்கும் அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வாழை, ஓட்டல் சுவரைவிட உயரமாக, கறுகறுவென்று நின்றன. துப்பட்டாவை அவிழ்த்தேன். மழை விட்ட மண் வாசனைதான் வந்தது. நாற்றம் எங்கே என்று நானே மோந்து மோந்து தேடினேன், கிடைக்கவில்லை.

அங்கே என் வயதுள்ள ஒரு பெண், முழங்கை வரை கையுறை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து இலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எலும்பு ஒரு பக்கம், மிச்சச் சோறு ஒரு ட்ரம்முக்கு, இலை ஒரு கூடைக்கு. ஒன்றுகூடத் தவறி விழவில்லை. இலையைக் கையளவு கிழித்து முதல் தொட்டியில் போட்டு மேலே காய்ந்த சருகைத் தூவுவாளாம். அது வெந்து இறங்க இறங்க அடுத்த தொட்டிக்கு மாற்றுவாளாம். நான் நம்பாத முகத்தோடு பார்த்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து இரண்டாவது தொட்டிக்குள் மணிக்கட்டு வரை நுழைத்தாள். சூடு. இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி சூடு. அடியில் அடுப்பு இல்லை, கரண்ட் இல்லை, போன வாரம் யாரோ சாப்பிட்டுப் போட்ட இலை தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான்காவது தொட்டியில் இலையும் இல்லை, ஒன்றும் இல்லை. காபித்தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாக, மண். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றிருக்கிறேன், இப்படி ஒன்று நடப்பது தெரியாமல்.

பாய் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, “எல மூடினதா, தொறந்ததா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“தொறந்த எலன்னா அங்கயே கண்ணுல பட்ருக்கும். மூடின எலயத் தனியா போட்டு வெச்சிருவேன்க்கா. பிரிச்சிப் பாக்காம தொட்டில போடமாட்டேன். டிஷ்யூ, ஸ்பூனு, சாக்லெட் கவரு, இன்னா வேணா உள்ள இருக்கும். ஒரு வாட்டி மோதிரம் வந்துச்சி.”

காலருகே இருந்த சின்னக் கூடையை இழுத்தாள். அந்தப் பெரிய கூட்டத்தில், அத்தனை பந்தியில், மூடிய இலைகள் ஏழெட்டுத்தான் இருந்தன. ஊரே போர்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. மேலாகக் கிடந்த ஒன்றைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

“இது ஞாயித்துக்கெழம எல. வாரா வாரம் ரெண்டு வரும். ரெண்டு பக்கமும் சொருவி, பார்சல் மாரி கட்டிகினு. பிரிக்கறதுக்குள்ள நகம் போயிடும். யார்றா இதுன்னு பாக்கணும்னு இருந்தேன்.”

கணவர் வாழை மரங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வருடமாக இந்தப் பெண் என் பிடிவாதத்தை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். “நான்தாம்மா” என்றேன். அவள் திட்டியிருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கை நல்லா மடிக்குதுக்கா” என்று மட்டும் சொல்லி, அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இரண்டு பட்டை, ஒரு எலுமிச்சைத் தோல், சுருட்டிய டிஷ்யூ. டிஷ்யூவுக்குள் மெஷின்.

ஆக, தொலைத்தது அப்பா இல்லை. நானே தொலைத்துவிட்டு, நூம்பலிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் அதைத் துணியில் துடைத்து, “இந்தா நைனா” என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டார். கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. எனக்காகத்தான் என்பது போல மெதுவாகக் காதில் மாட்டினார். மாட்டியவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி உள்ளங்கையைப் பார்த்தார்.

“மழ பேயுதா?” என்றார்.

மண்டையைப் பிளக்கிற வெயில். மெஷின் கெட்டுவிட்டது என்று என் மனசு விட்டுப்போனது. ஆனால் அந்தப் பெண் கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

“மழ இல்ல நைனா. புழு துன்னுது.”

மிச்சச் சோறு போடுகிற ட்ரம்மின் மூடியைத் தூக்கினாள். உள்ளே அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஆயிரக்கணக்கில் பழுப்புப் புழுக்கள். கறுப்பு ஈ ஒன்று வந்து முட்டையிட்டுவிட்டுப் போகுமாம், மிச்சத்தை இவை பார்த்துக்கொள்ளுமாம். காலையில் போட்டது சாயங்காலம் இருக்காதாம். வேறு நாளாக இருந்தால் நான் வாந்தியெடுத்திருப்பேன். அப்பா குனிந்து, மெஷின் இருக்கிற காதை ட்ரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம், விடாமல், சன்னமாக, ட்ரம்முக்குள்ளிருந்து. இரண்டு நல்ல காது வைத்திருந்தும் நான் கடைசியில்தான் கேட்டேன். காது போனவர் முதலில் கேட்டார்.

அப்பா நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “எவ்ளோ சின்ன சத்தம்” என்றார்.

வண்டியில் ஏறியதும் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நான்தான்பா இலையோட சேர்த்து மூடிட்டேன், பாக்கல என்றேன். அப்பா என் தோளைத் தட்டினார்.

“நான் பாத்தேன். கை கழுவற எடத்துலேர்ந்து திரும்பிப் பாத்தேன், நீ மூடிகினு இருந்த. போவட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, ஹாரன், லாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். மெஷினைக் கழற்றவில்லை.

போன ஞாயிறும் போனோம். டம்ளரும் வாளியும் வழக்கம்போல மோதின. அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் காதில் கை வைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்து எழுந்துவிட்டார். நான் இலையின் மேல் ஓரத்தைப் பிடித்து இழுக்கப்போய், கையை எடுத்துக்கொண்டேன். இலை திறந்தே கிடந்தது. பட்டையும் எலும்பும் தெரிய அதை விட்டு எழுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அப்பாவின் இலையையும் அப்படியே விட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்கட்டுக் கதவருகே நின்று அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“சீக்கிரம் வா. மழ புட்சிக்கிச்சி.”